இடியப்பக்கார நபீஸாவின் வாக்கு வங்கி

ஏறாவூரில் இடியப்பக்கார நபீஸாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மனிதர் யாரும் இல்லை. பள்ளிவாசல் தலைவர் வாங்கியிருக்கிறார். மின்சார மானி பார்க்க வருகிறவர் வாங்கியிருக்கிறார். அவளைக் கட்டிய மஜீட் இருபது வருடமாகத் தவறாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் விடிந்தால் அவள் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆற்றங்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. வெளியூரார் அதை வாவி என்பார்கள், நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது ஆறுதான். நபீஸாவின் இடியப்பம் பூப்போல இருக்கும், சம்பல் உறைக்கும், அதைவிட அவள் வாய் உறைக்கும். மூன்றுக்கும் சேர்த்துத்தான் சனம் வரும்.

இந்த நபீஸாவின் படம்தான் போன பாராளுமன்றத் தேர்தலில் வாழைச்சேனை தொடங்கிக் களுதாவளை மட்டும் மதில் மதிலாக ஒட்டப்பட்டது. விமான நிலையத்தில் எடுத்த பழைய படம். நடுவில் கோட்டும் டையும் கட்டிய ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கறுப்பு அபாயாவில் நபீஸா. கீழே கொட்டை எழுத்தில், ‘அழுத கண்ணைத் துடைத்த கரம்’. கரத்துக்குச் சொந்தக்காரர் ஜனாப் ஜிப்ரி, ஓய்வுபெற்ற இராஜதந்திரி. சுயேச்சைக் குழு, சின்னம் தேநீர்க் கேத்தல், விருப்பு இலக்கம் மூன்று. ஒரு சொல் அவளிடம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் படத்தில் அவள் அழவுமில்லை. விடியற்காலை தொடக்கம் ஒன்றும் தின்னாமல் நின்றதில் முகம் கறுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கதை பதினைந்து வருடத்துக்கு முந்தியது. நபீஸா வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். அந்த வீட்டுக்காரி கையில் அகப்பட்டதையெல்லாம் எறியும் சாதி. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி பறந்து வந்தது. அடுத்த நாள் நபீஸா மதில் ஏறிக் குதித்து, டாக்சிக்காரன் ஒருவனின் புண்ணியத்தில் நம்முடைய தூதரகத்துக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் அதை எம்பசி என்போம். எம்பசிக்குப் பின்னால் ஒரு கட்டடம். அவளைப்போல் ஓடிவந்த பெண்கள் இருபத்தைந்து, முப்பது பேர் அதில். பெயர் பாதுகாப்பு இல்லம். பாதுகாப்பு என்றால் அப்படியொரு பாதுகாப்பு, வாசலைத் தாண்ட முடியாது.

அந்த இல்லத்துக்குப் பொறுப்பான அதிகாரிதான் ஜிப்ரி. ஏறாவூர்ப் பிள்ளை என்று தெரிந்ததும் நபீஸா குதியாய்க் குதித்தாள். நம்ம ஊர் ஆள், ரெண்டு கிழமையில் அனுப்பிவிடுவார் என்று எல்லாப் பெண்களிடமும் சொல்லித் திரிந்தாள். வியாழக்கிழமை தோறும் அவர் வருவார். வாசனை அவருக்கு முன்னால் வரும். கையில் கறுப்புக் குறிப்புப் புத்தகம். அவள் சொல்லச் சொல்ல எழுதுவார், மூடுவார், “உங்கள் விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்பார், போவார். எம்பசி அமைச்சுக்கு எழுதும். அமைச்சு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுதும். பணியகம் திரும்ப எம்பசிக்கு எழுதி, இந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கும். அவளோ எம்பசியின் குசினியில் நின்று சுதந்திர தின விருந்துக்கு வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த வெள்ளைக்காரத் தூதுவர்கள் தின்று புகழ்ந்தார்கள். “உங்களால் நாட்டுக்குப் பெருமை” என்று ஜிப்ரி குசினிக்கே வந்து சொன்னார். நாட்டுக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படி எட்டு மாதம். கடைசியில் அந்த நாட்டு அரசாங்கமே நோன்பு காலத்தில் பொதுமன்னிப்பு அறிவித்து, கடவுச்சீட்டு இல்லாதவர்களையெல்லாம் வாரி விமானத்தில் ஏற்றியது. அப்போதுதான் ஜிப்ரி புகைப்படக்காரனோடு விமான நிலையத்துக்கு வந்தார்.

காலம் ஓடிற்று. ஜிப்ரி இன்னும் நாலு நாடு பார்த்து, பிரதித் தூதுவராக உயர்ந்து, அறுபது வயதில் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தார். இரண்டு மாடி வீடு, சுவர் நிறைய மன்னர்களோடு கைகுலுக்கும் படங்கள். எல்லாம் இருந்தும் மனிதருக்கு ஒன்று குறைந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. முப்பது வருடம் கொடி பறக்கும் காரில் போனவருக்குச் செங்கலடிச் சந்தியில் பொலிஸ்காரன் கைகாட்டி வண்டியை மறிப்பதைத் தாங்க முடியவில்லை. உலகத்துக்கே பேசினவர் ஊருக்காகப் பேச வேண்டாமா என்று நாலு பேர் உசுப்பிவிட்டார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் பிறகு வேறு சின்னத்துக்கு வேலை செய்தார்கள், அது வேறு கதை.

அரசியல் அவருக்குப் பிடிபடவே இல்லை. வாக்குக் கேட்டுப் போகும் வீட்டுக்கு முதல் நாளே தட்டச்சிட்ட கடிதம் போகும்: ‘நாளை பி.ப. 4.10 முதல் 4.25 வரை வேட்பாளரின் வருகை.’ தண்ணீர் வரவில்லை என்று சனம் முறையிட்டால், தண்ணீர்ப் பக்கத்து நியாயத்தையும் கேட்பவர்போல் இரு தரப்பையும் பற்றிப் பேசுவார். ஒரு கலியாண வீட்டில் சஹனுக்கு இருத்தினார்கள். பெரிய தாம்பாளம் நிறையச் சோறு, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பது எங்கள் வழக்கம். நல்ல இறைச்சித் துண்டுகளை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. ஜிப்ரி தன் பக்கம் வந்த துண்டுகளையெல்லாம் எண்ணி, ஆறாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டாகத் திருப்பி வைத்தார். கடைசியில் மிஞ்சிய ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் வைத்தார். அதை ஒருவரும் தொடவில்லை. பெண்ணின் தகப்பன் அன்றைக்கே கேத்தலைக் கைகழுவிவிட்டார்.

இவருக்குத் தேர்தல் வேலை பார்த்தவன் றிஸ்லான். காப்புறுதி முகவர், நாற்பது வயது, நாக்கில் தேன். அவன்தான் நபீஸாவின் படத்தைத் தேடிப்பிடித்து அச்சடித்தவன். வாக்களிப்புக்கு இருபது நாள் இருக்கும்போது அவள் வீட்டுக்கும் கடிதத்தைக் கொண்டுவந்தான்.

“பதினஞ்சு நிமிசமா?” என்றாள் நபீஸா. “மையத்து வீட்டுக்குப் போனாக்கூட அரமணித்தியாலம் இருப்பாங்களே றிஸ்லான்.”

“பிஸி ராத்தா. மாவட்டம் முழுக்க ஓடுறார்.”

“வரச்சொல்லு. எனக்கும் அவரோட ஒரு வேல கிடக்கு.”

என்ன வேலை என்பது ஊருக்கே தெரியும். நபீஸாவின் தங்கச்சி ஸுஹைனா. புருசன் விட்டுவிட்டுப் போனபின், நபீஸா அழுது தடுத்தும் கேளாமல், இரண்டு வயது மகள் அகீலாவை ராத்தாவின் மடியில் போட்டுவிட்டு அதே நாட்டுக்கு, அதே ஊருக்கு வேலைக்குப் போனவள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து மேலும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர்கள் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். கைத்தொலைபேசியும் பறித்தாயிற்று. அந்த வீட்டுச் சாரதி இரக்கப்பட்டால் மாதத்தில் ஒரு தடவை, இரண்டு நிமிடம் குரல் கேட்கும். போன தடவை ஸுஹைனா பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அகீலாவுக்கு ஆறு வயது. உம்மா என்றால் அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசியில் வரும் ஒரு சத்தம். நபீஸா போகாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த நாள் நாலு பத்துக்கு ஜிப்ரி வந்தார். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தேநீரை மூன்றில் ஒரு பங்கு குடித்தார்.

“சுகமா இரிக்கயளா தங்கச்சி? படத்தப் பாத்திருப்பயள்.”

“பாத்தன் சேர். என்னைக் கேக்காமப் போட்டிருக்கயள்.”

“அது ஒரு வரலாற்று ஆவணம், தங்கச்சி” என்றார் அவர், ஒரு குற்ற உணர்வும் இல்லாமல். பிறகு விடயத்துக்கு வந்தார். பிரசாரத்தின் கடைசி நாள் ஏறாவூரில் பெரிய கூட்டம். நபீஸா மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். சிரமப்பட வேண்டாம், பேச்சு தயார். றிஸ்லான் ஒரு தாளை நீட்டினான். ‘பாலைவனத்தில் பரிதவித்த எனக்கு’ என்று தொடங்கிற்று. நபீஸா அதற்குமேல் வாசிக்கவில்லை.

“சேர், என்ட தங்கச்சி அங்க அடைபட்டுக் கிடக்காள்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரன் பெயர், தெரு, சாரதியின் இலக்கம், ஒன்றும் விடவில்லை.

ஜிப்ரி கறுப்புப் புத்தகத்தைத் திறந்தார், எழுதினார், மூடினார். “விடயத்தை கவனத்தில எடுத்திட்டன் தங்கச்சி.”

அவ்வளவுதான். நபீஸாவுக்கு உச்சந்தலையில் ஏறிற்று. ஆனால் ஊரே எதிர்பார்க்கும் அந்தச் சத்தம் வரவில்லை. குரல் இறங்கித்தான் வந்தது.

“சேர், உங்கட கவனத்த எனக்குத் தெரியும். எட்டு மாசம் நான் அதுக்குள்ளதான் கிடந்தன். இப்ப நான் ஒண்டு சொல்றன், எழுதுங்க. ஸுஹைனா இந்த வீட்டுக்கு வந்தா, நான் மேடைக்கு வாறன். வராட்டி, படத்தில இரிக்கிற பொம்புளையிட தங்கச்சிய இவருக்குக் கொண்டுவர ஏலாது எண்டு, இடியப்பம் வாங்க வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவன். ஒரு நாளைக்கு நூத்தி இருவது வீட்டாள் வாறாங்க.”

றிஸ்லான் நெற்றியைத் துடைத்தான். நூற்றிருபது வீடு, வீட்டுக்கு நாலு வாக்கு, அவர்கள் போய்ச் சொல்லும் சொந்தங்கள் வேறு. அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஜிப்ரி நாலு இருபத்தைந்துக்கு எழும்பவில்லை. மிச்சத் தேநீரையும் குடித்தார்.

பிறகு நடந்ததை றிஸ்லான்தான் வாய் ஓயாமல் ஊரெல்லாம் சொன்னான். காருக்குள் ஏறியதும் சேர் இரண்டு தொலைபேசி அழைப்பு எடுத்தாராம். ஒன்று, எம்பசியில் இப்போது அந்தக் கதிரையில் இருக்கும் பழைய சிஷ்யனுக்கு. மற்றது, ஸுஹைனாவின் வீட்டுக்காரனுடைய தமையனுக்கு. அவன் அங்கே பெரிய வியாபாரி, சேரோடு பல விருந்துகளில் உண்டவன். அரபியில் சிரித்துச் சிரித்துப் பேசினாராம். அவன் மகனின் கலியாணம் விசாரித்தாராம், முழங்கால் வலி விசாரித்தாராம், நடுவில் ஒரு இடத்தில் ஸுஹைனாவின் பெயரும் வந்ததாம். எல்லாம் பத்து நிமிடம். கடிதம் இல்லை, அமைச்சு இல்லை, பணியகம் இல்லை.

ஆறாம் நாள் ஸுஹைனாவை எம்பசியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அவளைப் பாதுகாப்பு இல்லத்தில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் விமானச்சீட்டு வந்துவிட்டது. பயணத் தேதி மட்டும் சற்றுத் தள்ளி, சரியாகக் கடைசிக் கூட்டத்தின் நாளில் விழுந்திருந்தது. அது தற்செயல் என்று றிஸ்லான் சத்தியம் பண்ணினான்.

வீட்டுக்கு வந்தால் மேடைக்கு வருவேன் என்பதுதான் பேச்சு. இராஜதந்திரி அதில் ஒரு திருத்தம் செய்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவளை வான் வண்டி நேராக மைதானத்துக்கே கொண்டுவந்தது. பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. நபீஸாவை ஏற்கெனவே மேடையில் இருத்திவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அகீலா, புதுச் சட்டையோடு. வான் கதவு திறந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள், ஒருவன் மாலையோடு ஓடினான். எலும்பும் தோலுமாக ஒரு பெண் படியேறி வந்தாள். இருபத்தொன்பது வயது. நபீஸா எழுந்து போய்க் கட்டிப்பிடித்தாள். அவளுடைய தோள்பட்டை எலும்பு கைக்குள் தட்டுப்பட்டதும் நபீஸா குழறி அழுதாள். அகீலா கதிரைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டாள். புகைப்படக்காரன் இன்னொருக்கா கட்டிப்பிடிக்கச் சொன்னான்.

பிறகு ஒலிவாங்கியை நபீஸாவின் கையில் கொடுத்தார்கள். கொடுத்த வாக்கை மீறுகிறவள் அல்ல அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

“இந்தா நிக்கிறாரே, இவர்தான் என்ட தங்கச்சிய ஒம்பது நாள்ல எடுத்துத் தந்தவர். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். என்ன எட்டு மாசம் வெச்சிருந்தவரும் இவர்தான். ஏலும் எண்டு நெனச்சா ஒம்பது நாள்ல ஏலும் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்.”

சனம் முதல் வசனத்துக்கே கைதட்டத் தொடங்கிவிட்டதால் மற்றது பாதிப்பேருக்குக் கேட்கவில்லை. ஜிப்ரி தலையசைத்துப் புன்னகைத்தார். எதற்கும் அப்படிப் புன்னகைப்பதற்கு முப்பது வருடப் பயிற்சி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பார். ஸுஹைனாவும் இரண்டு சொல் பேசட்டும் என்று றிஸ்லானுக்கு ஆசை வந்தது. நாலு வருடம் ஒரு வீட்டுக்குள் கிடந்தவளுக்குத் தேர்தலும் தெரியாது, கேத்தலும் தெரியாது. எம்பசிப் பெரியவர் என்று மட்டும் வரும் வழியில் சொல்லியிருந்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, அபாயாப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

“சேர், அங்க இல்லத்தில இன்னும் முப்பத்தொரு பேர் இரிக்காங்க. உங்கள்ட குடுக்கச் சொல்லி எல்லாரும் பேர் எழுதித் தந்தாங்க. நான் குடுக்கிறன் எண்டு குர்ஆன்ல கைவெச்சுச் சொல்லிட்டு வந்த நான்.” அவள் வாசிக்கத் தொடங்கினாள். மல்காந்தி, குருநாகல். டினோஷா, சிலாபம். பிறகு அட்டன், புத்தளம், மொனராகலை என்று வரிசையாக. சனம் நின்று கேட்டது. மழையில் குடையை விரிக்கக்கூட ஒருவரும் அசையவில்லை.

ஜிப்ரி றிஸ்லானின் பக்கம் சாய்ந்தார். நபீஸா இரண்டு அடி தள்ளித்தான் நின்றாள்.

“இதில எங்கட மாவட்டம் எத்தின?”

“ஒண்டுமில்ல சேர்.”

“அப்ப தங்கச்சி களச்சிருக்கிறா, இரிக்கச் சொல்லுங்க” என்றார் ஜிப்ரி, மிகவும் கனிவாக.

கேத்தலுக்கு ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. கிரானிலும் களுதாவளையிலும் அவரை யாரென்று தெரியாது, காத்தான்குடிக்குத் தன் ஆட்கள் இருந்தார்கள். சொந்தக் குழுவுக்குள்ளும் அவர் கடைசிக்குக் கிட்ட வந்தார். ஒரு வாக்காளர் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம் அல்லவா, அதற்காகக் குழுவில் வேறு இருவரோடு அவர் ஒப்பந்தம் ஒன்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ஒவ்வொருவரும் மற்ற இருவரின் இலக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது ஷரத்து. ஒரே குழுவில் நிற்கிறவன்தான் முதல் எதிரி என்பது இந்த மாவட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஜிப்ரி மட்டும் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். மேடை தோறும் மற்றவர்களின் இலக்கத்தைக் கூவினார். அவர்கள் மேடை தோறும் மூன்றாம் இலக்கத்தை மறந்துபோனார்கள்.

இங்கே நபீஸாவின் வீட்டில் ஸுஹைனா இருந்தாள், ஆனால் வந்து சேரவில்லை. கேட்காமல் சோறு போட்டுத் தின்னமாட்டாள். குளியலறைக்குப் போகவும் உத்தரவு கேட்டாள். அகீலா மெல்ல மெல்லக் கிட்ட வந்து ஒருநாள் மடியில் தலைவைத்தபோதும் அவள் அந்தத் தாளைத்தான் கையில் வைத்திருந்தாள். “நான் பேரைக் குடுத்தா இவங்களும் வந்திருவாங்க எண்டு சொன்ன நான் ராத்தா. மல்காந்தி என்ட தலயத் தடவி அனுப்பினாள். ரெண்டு வருசமா அதுக்குள்ள கிடக்காள்.” இந்தத் தாளுக்கு ஒரு வழி பண்ணாமல் தங்கச்சி முழுதாகத் தனக்குக் கிடைக்கமாட்டாள் என்று நபீஸாவுக்கு விளங்கிவிட்டது.

காலை வியாபாரம் முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு ஜிப்ரியின் வீட்டுக்குப் போனாள். மன்னர்களின் படத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. தொலைபேசி மேசையில் கிடந்தது.

“எனக்கு இப்ப என்ன அதிகாரம் இரிக்கி தங்கச்சி” என்றார் தாளைப் பார்த்ததும். “நான் ஒரு சாதாரண ஆள்.”

வாயைத் திறந்தாள். பத்து நிமிட அழைப்புக்கு எந்த அதிகாரம் வேண்டும், நாக்கும் விரலும் போதாதா என்று கேட்க வந்தாள். இன்னும் பெரிதாகக் கேட்கவும் மனதுக்குள் நிறைய இருந்தது. ஆனால் இவரைத் திட்டி முப்பத்தொரு பேரில் யாருக்கு என்ன வரப்போகிறது என்று ஒரு யோசனை குறுக்கே விழுந்தது. மேசையில் பேப்பர் கிடந்தது. மாகாண சபைத் தேர்தல் விரைவில் நடக்கலாம் என்று தலைப்பு. பல வருடமாக விரைவில் நடக்க இருக்கும் தேர்தல் அது. நபீஸா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“மாகாண சபை வருதாமே சேர். நிக்கிறயளா?”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. “பரிசீலனையில இரிக்கி.”

“அப்ப இந்தப் பேரைப் பாருங்க. மல்காந்தி. குருநாகல் எண்டு போட்டிருக்கு, ஆனா அவளிட உம்மாட உம்மா கிரான். நாப்பது குடும்பம் சொந்தம் அங்க. எல்லாரும் நெறைய வயல் செய்ற ஆக்கள். ஒரு சொல்லு சொன்னா ஒண்டா நிப்பாங்க.”

“சிங்களப் பிள்ள போல இரிக்கே.”

“கிழவி கலியாணம் கட்டிப் போன எடம் சேர் அது. சொந்தம் விட்டுப் போகுமா?”

நபீஸா சத்தம் போடாமல் சொன்ன முதல் பொய் அது. ஜிப்ரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, ‘கிரான், 40 குடும்பம்’ என்று எழுதினார். கை தொலைபேசிக்குப் போயிற்று. அரபியில் யாரோ ஒருவனின் முழங்கால் வலியை விசாரிக்கத் தொடங்கினார்.

மல்காந்தி பதின்மூன்றாம் நாள் வந்திறங்கினாள். குருநாகலிலிருந்து ஒரு கிழவி தொலைபேசியில் சிங்களத்தில் அழுதாள். நபீஸாவுக்கு ‘ஸ்தூதி’, நன்றி, என்ற ஒரு சொல்தான் விளங்கியது. ஸுஹைனா அன்றைக்குத்தான் கேட்காமல் தானே போய்ச் சோறு போட்டுத் தின்றாள்.

அடுத்தது டினோஷா. சிலாபத்துப் பிள்ளைக்கு நபீஸா மட்டக்களப்பு டவுனில் ஒரு தாய்மாமனைக் கொடுத்தாள், பேர் பீற்றிஸ், கோயில் சபையில் பெரிய ஆள். அட்டன் பிள்ளைக்குக் களுதாவளையில் ஒரு பெரிய குடும்பம். புத்தளத்துப் பெண்ணுக்கு ஓட்டமாவடி. றிஸ்லானுக்கு விசயம் தெரியும். ஒருநாள் இடியப்பம் வாங்க வந்தவன் மெல்லக் கேட்டான், “ராத்தா, களுதாவளையில அப்படி ஆக்கள் இல்லையே.”

“நீ இல்லாத விபத்தச் சொல்லிப் பொலிசி விக்கிறாய். நான் இல்லாத மாமனச் சொன்னா என்ன? சம்பல் வேணுமா, வேணாமா?”

றிஸ்லான் சம்பலை வாங்கிக்கொண்டு போனான்.

ஜிப்ரிக்குத் தெரியுமா என்பது எனக்கே சந்தேகம். அவ்வளவு மடையர் அல்ல அவர். ஆனால் அவருடைய புத்தகத்தில் கிரான், செங்கலடி, களுதாவளை என்று ஊர்கள் நிரம்பி வந்தன. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் மாவட்டமே தன் பக்கம் நிற்பதுபோல் இருந்தது. மனிதர் மறுபடியும் சவரம் செய்து, டை கட்டத் தொடங்கினார்.

ஏழு பேர் வந்துவிட்டார்கள். நபீஸா விடியற்காலை மாவைப் பிழிந்துகொண்டே அடுத்த பெண்ணுக்கு எந்த ஊரைக் கொடுக்கலாம் என்று யோசிப்பாள். சுபஹுத் தொழுகைக்குப் பின் தௌபா செய்து பொய்களுக்கு மன்னிப்புக் கேட்பாள். கூடவே ஒரு துஆவும் உண்டு. மாகாண சபைத் தேர்தல் வந்துவிடவும் கூடாது, வரப்போகிறது என்ற பேச்சு நிற்கவும் கூடாது. முதலாவதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதுக்குத்தான் அவளுக்குப் பயம்.

போன கிழமை ஜிப்ரி தானே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

“தங்கச்சி, எலக்சன் மறுகாலும் பிந்துதாம். எவ்வளவு காலம் பிந்தும் எண்டு சொல்ல ஏலாதாம்.”

நபீஸா இடியப்ப உரலைக் கீழே வைத்தாள். முற்றத்தில் ஸுஹைனா அகீலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“பிந்தட்டும் சேர், அதுவும் நல்லம்தான்” என்றாள். “எங்கட சனம் இன்னும் இருவத்திநாலு பேர் வெளியில கிடக்கு. அவங்களும் வந்து சேரட்டும்.”

இந்தத் தடவை அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.